எட்டு மணி ஊசி

"அம்மா பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுருவாங்க. ராத்திரி எட்டு மணிக்கு, சாப்பாடு இல்லாம சர்க்கரை ஊசி போடலாமா?"

ஒரு சிறுமி எப்போதோ கேட்ட கேள்வி அது. சரசு அதை அப்படியே கணினியில் தட்டினாள். அவள் சோதித்துக்கொண்டிருந்த, மருத்துவச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் இயந்திரம் சட்டென்று சொன்னது: 'டாக்டர் சீட்டில் உள்ளபடி, இரவு எட்டு மணிக்குப் போடவும்.'

"தப்பு" என்றாள் சரசு.

மேலாளர் இளஞ்செழியன் பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "சீட்டுல இருக்கறதத்தான சொல்லுது? சரினு போட்டுட்டுக் கிளம்புங்க மேடம். இன்னைக்குப் பௌர்ணமி. இன்னும் கொஞ்ச நேரத்துல கிரிவலக் கூட்டத்துல செங்கம் ரோட்ல ஆட்டோகூட நகராது."

"ஜைனர் வீட்டுல இருட்டினா சாப்பிட மாட்டாங்க சார். அஞ்சரைக்கே சாப்பிட்டுட்டு எட்டுக்கு ஊசி போட்டா, சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்."

"அவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம் வந்து எண்ணிப் பாருங்க."

அவன் பெருமூச்சு விட்டான். "நாளைக்குக் காலைல இது ஜனங்க போனுக்குப் போவுது. ஒரு பதில மாத்தினா இருநூறு கேள்வியையும் மறுபடி சோதிக்கணும். யார் உக்காருவா?"

"நான் உக்கார்றேன்."

"காலைலேர்ந்து கண்ணக் கசக்கிட்டு இருக்கீங்க. நாளைக்குத் தலைவலின்னு லீவு கேப்பீங்க."

"கேக்க மாட்டேன் சார். இந்தக் கேள்வியக் கேட்ட பொண்ணுக்குப் பத்து வயசு. அன்னைக்கு அவளே அம்மாவுக்கு ஊசி போட்டா. விடிஞ்சப்ப அம்மா எழுந்திருக்கல."

இளஞ்செழியனின் குரல் தாழ்ந்தது. "அது... நீங்களா மேடம்?"

சரசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தான். "மாத்திடுங்க. மேல கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்று படி இறங்கிப் போனான்.

ஆளில்லாத அறையில் சரசு தட்டினாள்: 'சாப்பாடு இல்லாமல் இந்த ஊசியைப் போட வேண்டாம். நீங்கள் சாப்பிடும் நேரத்தை இன்றே டாக்டரிடம் சொல்லி, ஊசி நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள்.' திருத்தியவர் பெயர் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டாள். அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்கினாள்.

இருபது வருஷங்களுக்கு முன்பு ஒரு மருந்துக்கடைக் கூட்டத்தில், மருந்து எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சீட்டுல எழுதியிருக்கு இல்ல, போடும்மா" என்று அந்தச் சிறுமியை அனுப்பி வைத்தவள் சரசுதான்.