சடையாண்டி விட்டுக்கொடுத்த கறி

மூக்கம்மா சாகக் கிடந்தபோது கேட்டது ஒரே ஒரு துண்டு ஆட்டுக்கறி. "அமினோ அளவு தாண்டிருச்சு, இருதயம் தாங்காது" என்று வாசலிலேயே தூக்குச்சட்டியைப் பிடுங்கிக் கொட்டினான், யார் எவ்வளவு கறி தின்னலாம் என்று அளந்துவிடும் அரசாங்க அமினோ அதிகாரி தணிகாசலம். அவள் கஞ்சி வாயோடு போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் புருஷன் சடையாண்டி கறியைத் தொட்டதில்லை. தன் மெஸ்ஸில் அடுத்தவனுக்கு ஆக்கிப் போடுவதோடு சரி.

ரிட்டயர் ஆன தணிகாசலம் ஒரு மத்தியானம் அங்கேயே வந்து உட்கார்ந்தான். உடம்பின் அமினோ அளவைக் காட்டும் அவன் கைப்பட்டை, அளவு தாண்டிச் சிவப்பாய் எரிந்தது. அவனுக்கு இனிக் கறி கிடையாது.

"நாக்கு செத்துப்போச்சுய்யா. ஒரு வாய் போடு."

சடையாண்டி தன்னுடைய பச்சைப் பட்டையை மெஷினில் காட்டி, தன் கறிப் பங்கை அவன் இலையில் வைத்தார். மறுநாளும் வைத்தார். ஆறு மாதமாய் வைக்கிறார்.

"நான் செஞ்சதை மறந்துட்டியாய்யா?"

"மறப்பனா சார்? சாப்பிடுங்க."

"உனக்குப் பெரிய மனசுய்யா."

இன்று தணிகாசலம் பாதிச் சோற்றில் கையை எடுத்து நெஞ்சைத் தடவினான். "லேசா அடைக்குது. இடது கையும் கடுக்குதுய்யா."

"வாய்வா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு, சடையாண்டி சட்டியைத் துழாவி நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார்.