ஐந்து மணிக்குள் மன்னிப்பு

மாலை ஐந்து மணிக்குள் வெண்டல் க்ரவுஸ் தன் வலைப்பூவில் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அமைச்சர் மானநஷ்ட வழக்குப் போடுவார். வக்கீல் நோட்டீஸ் அப்படித்தான் சொன்னது.

இப்போது மணி நாலு.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு எதற்கு அரசியல் என்று ஊரே கேட்டுப் பார்த்துவிட்டது. வெண்டல் எழுதியது ஒன்றே ஒன்றுதான்: ‘நம் படகுத்துறையின் தூண்கள் உளுத்துப் போயிருக்கின்றன. சோதனை அறிக்கை அமைச்சர் கைக்கே போயிருக்கிறது.’

அமைச்சரோ நாடாளுமன்றத்தில் எழுந்து, அப்படி ஓர் அறிக்கையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டார். மீன் லாரிகள் இன்னும் அந்தத் துறையின் மேல்தான் போய்வருகின்றன.

தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டு, எட்டு மாதம் காத்திருந்து, நேற்றுதான் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து அறிக்கைக் கட்டு வந்தது. பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம், ரகசியம் என்று அதிகாரிகள் வரிகளை மறைத்து அடித்த கறுப்புப் பட்டை. மையிலிருந்து தப்பிப் பிழைத்தது ‘மற்றும்’ என்ற ஒரு சொல்தான்.

“‘மற்றும்’னு ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு கோர்ட்டுல என்னத்த கிழிக்கப் போற? வீடு போயிடும் வெண்டல். ஒரு ஸாரிதான, சொல்லித் தொலையேன்” என்றாள் மனைவி கிளெண்டா.

இந்த நாட்டில் மிதித்தவனுக்கு முந்தி மிதிபட்டவன் ஸாரி சொல்வான். வெண்டலும் நாளுக்கு ஐம்பது தடவை சொல்கிறவர்தான். இந்த ஒன்று மட்டும் தொண்டையை விட்டு வர மறுத்தது.

வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டு லியோன்ஸ் சுரெட். இறால் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் பிரெஞ்சு பேசுகிறவர். கையில் மூடிய பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் கோழியும் சூடாக மணந்தன.

வெண்டலுக்குக் கூச்சமாக இருந்தது. அரசுத் தாள் எல்லாவற்றையும் ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழியில் அச்சடிக்கச் சொல்லும் சட்டம் தண்டச் செலவு என்று போன மாதம்தான் வலைப்பூவில் வாய்க்கொழுப்பாக எழுதியிருந்தார். அதிலிருந்து லியோன்ஸ் பேச்சையே நிறுத்தியிருந்தார். ஆபத்து என்றதும் வந்துவிட்டார்.

பூட்ஸைக் கழற்றக் குனிந்த லியோன்ஸ் நிமிரவே இல்லை.

“டேய், இது என்னடா இங்க கிடக்குது?”

“எது? ஓ, அதுவா... கட்டுல பாதி பிரெஞ்சுப் பிரதி. நமக்கு எதுக்குன்னு ஈர பூட்ஸுக்கு அடியில விரிச்சேன்.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. “ஸாரி.”

“கறுப்படிச்சவனும் உன்ன மாதிரி ஆளுதான் போல. இந்தப் பக்கத்தத் தொடவே இல்ல.”

பனிச்சேறு சொட்டிய தாளில் ஒரு பட்டை கிடையாது. லியோன்ஸ் ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்று, வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தூண்கள் உளுத்திருக்கின்றன. லாரிகளை ஏற்றக் கூடாது.

அந்த வரியைப் படித்ததும் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஜன்னல் வழியே தன் லாரியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அடியில் அமைச்சரின் கையெழுத்து. ‘பார்த்தேன்.’ பக்கத்தில் போன வருஷத்துத் தேதி.

கிளெண்டா அழுதுவிட்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெண்டல் கணினி முன் உட்கார்ந்து, முதலில் தலைப்பை அடித்தார்: ‘மன்னிப்புக் கோருகிறேன்.’

“இன்னும் எதுக்கு மன்னிப்பு?” கிளெண்டா பதறினாள்.

லியோன்ஸ் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, வெண்டல் தப்பும் தவறுமாகப் பிரெஞ்சில் தட்டினார். மன்னிப்பு அமைச்சருக்கு இல்லை. அந்த மொழிக்கும், அதைப் பேசுகிற பக்கத்து வீட்டுக்கும். கூடவே, பூட்ஸ் தடத்தோடு அந்தத் தாளின் படம்.

சட்டம் சட்டம்தானே? கீழே அந்த மன்னிப்பின் ஆங்கிலப் பிரதியும் போட்டார்.

அதில் ஒரு சொல் பாக்கியில்லாமல் கறுப்பு அடித்திருந்தார், ‘மற்றும்’ தவிர.