பொய் மீன்

"பச்சைக் கவுன். ரெட்டைச் சடை. ஏழு வயசு. பேரு நிவேதா. எழுதிக்கிட்டு நிக்காதிய, ஓடுங்க!"

மெயினருவி போலீஸ் பூத்தின் மேசையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் தில்லைநாயகம் கத்தினார். நனைந்த வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

சாரல் சீசன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அருவிக்குப் போகும் வழி முழுக்கத் தலைகள். சிவகிரியிலிருந்து அன்றுதான் சீசன் டூட்டிக்கு வந்திருந்த ஏட்டு சுடலைமுத்து எழுதுவதை நிறுத்தி வெளியே எட்டிப் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை!

"கடைசியா எங்கன வச்சுப் பாத்திய அண்ணாச்சி?"

"எங் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னா. துண்டை எடுக்கக் கையை விட்டேன். திரும்பிப் பாத்தா ஆளைக் காணல."

"வீட்டுக்குப் போன் போடுதேன். நம்பரைச் சொல்லுங்க."

அவர் ஆறு எண்களைச் சொன்னார். மீதி எண்களுக்காகச் சுடலைமுத்து பேனாவோடு காத்திருந்தார்.

"அவ்வளவுதான்யா. நேரம் போவுதுல்லா!"

அதற்குள் பெண் எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். "மேடம், பிள்ளையைக் காணோமாம். ரெண்டு பேரை அருவிப் பக்கம் அனுப்பட்டுமா?" என்றார் சுடலைமுத்து.

எஸ்.ஐ. பெரியவரையே பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேண்டாம் ஏட்டய்யா, நான் பாத்துக்கிடுதேன். உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா?"

சுடலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிற மனுஷனுக்கு டீயா?

"டீ குடிக்கவாம்மா வந்தேன்?" தில்லைநாயகம் நாற்காலியில் சரிந்தார். "நான் தூத்துக்குடிக் கடல்ல முங்கிப் பவளப்பாறை மீனுகளை ஆராய்ச்சி பண்ணுதவன். அங்கன விரல் நீளத்துல ஒரு மீன் உண்டு. பெரிய மீனு மேல ஒட்டியிருக்க பூச்சியத் தின்னு சுத்தம் பண்ணும். வாய்க்குள்ளேயே போயிட்டு வரும், எந்த மீனும் அதை முழுங்காது. அது இருக்க பாறையைத் தேடி வந்து, எம்புட்டுப் பெரிய மீனும் அசையாம நிக்கும்."

மூச்சு வாங்கினார்.

"எம் பிள்ளைக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். கூட்டத்துல தொலைஞ்சா ஓடாத, அந்தப் பெரிய மீனு மாதிரி அசையாம ஒரே இடத்துல நில்லு, அப்பா வந்துருதேன்னு. எண்ணெய் தேய்க்க எடத்துல பாத்தேன். உடுப்பு மாத்துத எடத்துல பாத்தேன். எங்கயும் நிக்கலம்மா."

"அப்பா சொன்னா கேக்குத பிள்ளைன்னா நிப்பா சார்."

"அதுதாம்மா பயமே!" மேசையில் ஓங்கி அடித்தார். "அதே நிறம், அதே கோடு, அதே மாதிரி ஆடி ஆடி வரும், இன்னொரு மீனு. பொய் மீன். சுத்தம் பண்ண வருத மாதிரி பக்கத்துல வந்து சதையைக் கடிச்சிட்டு ஓடிரும். அனுபவப்பட்ட மீனு கண்டுபிடிச்சிரும். சின்ன மீனுக்கு என்ன தெரியும்? மாமான்னு சொல்லி ஒருத்தன் கூப்பிட்டா? காக்கி போட்டு வந்து ஒருத்தன் கையைப் பிடிச்சா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை எஸ்.ஐ.யின் சட்டையில் போய் நின்றது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"நீ யாரு? நெசமாவே போலீஸா?"

"மேடம், என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் போய்த் தேடுதேன்" என்று சுடலைமுத்து லத்தியை எடுத்தார். எஸ்.ஐ. திரும்பாமலே கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

'இவளும் ஒரு பொம்பளையா? கல்லு!' சுடலைமுத்து மனதுக்குள் திட்டினார்.

எஸ்.ஐ. எழுந்து பெரியவரின் பின்பக்கம் போனார். உள்ளங்கையை அவர் முதுகில் வைத்து, மேலிருந்து கீழாக மெள்ளத் தடவினார். மறுபடி தடவினார். விறைத்திருந்த தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன.

"இப்படித்தான்..." என்றார் தில்லைநாயகம் கண்ணை மூடியபடி. "நல்ல மீனு இப்படித்தான் துடுப்பால முதுகைத் தடவும். பயந்து வந்த மீனு அப்படியே அடங்கிரும்." கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "எம் பிள்ளை எங்கன நின்னு அழுதாளோ. அவளை யாராவது இப்படித் தடவிக் குடுப்பாவளா? மைக்குலயாவது சொல்லும்மா. உங் கால்ல விழுதேன்."

குனிந்தே விட்டார். எஸ்.ஐ. பதறிப்போய் அவரைத் தாங்கி உட்கார வைத்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"பச்சைக் கவுன் போட்ட நிவேதா... அப்பா போலீஸ் பூத்துல உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. பயப்படாத. அப்பா உன்னைய விட்டுட்டுப் போகல."

ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கூட்டத்தின் மேலாகப் போனது. பிள்ளையின் பேரும் கவுன் நிறமும் இவருக்கு எப்படித் தெரியும் என்று சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார்.

தில்லைநாயகம் வாசலைப் பார்த்தார். யார் யாரோ போனார்கள், வந்தார்கள். பச்சைக் கவுன் மட்டும் வரவில்லை. எஸ்.ஐ.யின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அருவி இந்த இரைச்சல் இரையுது. அவளுக்குக் கேட்டிருக்குமாம்மா?"

எஸ்.ஐ. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். செருப்பில்லாத காலை மடியில் எடுத்து வைத்து, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

"எனக்குக் கேட்டுச்சுப்பா."