மைசூரா, ஊட்டியா?

"ரெண்டுல எது அண்ணாச்சி நல்லாயிருந்திச்சு? மைசூரா, ஊட்டியா?"

வனமாமலை கேட்டதும், பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பலராமன் பக்கம் திரும்பினார்கள்.

மணிமங்கலத்தில் மோகனின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மோகனோடு ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அங்கே 'சிறந்த சூப்பர்வைசர்' பரிசு தொடர்ந்து இரண்டு வருஷமாகப் பலராமனுக்குத்தான். பழைய காலத்து அரண்மனை ஓட்டலில் மனைவியோடு போய்த் தங்கிவிட்டு வரலாம். அதுதான் பரிசு. போன வருஷம் மைசூர். இந்த வருஷம் ஊட்டி. போன வாரம்தான் திரும்பி வந்திருந்தார்.

"மைசூர்தான் ராஜா! இதுல இன்னா சந்தேகம்?" என்றார் பலராமன். "கதவத் தொறந்து வுடறதுக்கே தலப்பாகை கட்டிக்கினு ஒரு ஆளு நிப்பான். மேல போறதுக்கு இரும்புக் கதவு போட்ட பழைய லிஃப்ட். சாப்பிடற ஹால்ல நூறு பேர் இருந்தாலும் ஒரு சத்தம் கேக்காது. இன்னா மோகன்?"

பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த மோகன் தலையாட்டினான். போன வருஷம் அவரோடு போனவன் அவன்தான். பலராமனின் மனைவி செங்கமலத்துக்கு அப்போது உடம்பு சரியில்லை என்று பேச்சு.

"அப்ப ஊட்டி?"

"அதுவும் வெள்ளக்காரன் கட்டனதுதான். ரூம்ல கணப்பு எரியும், கீழ முழுக்க மரப்பலகை. எடம் நல்ல எடம்தான். கூட வந்த ஆளுதான்..." என்று இழுத்தார்.

எதிர்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கூட்டு அம்மா இன்னா பண்ணிச்சு தெரியுமா? மெத்து மெத்துன்னு சோபா கீது. அது வழுக்குதுன்னு தரையில குந்திக்கிச்சு. காலையில பாத்தா, வெள்ளக்காரன் காலத்துப் பால்கனியில பொடவை காயுது!"

பந்தியே சிரித்தது. வனமாமலைக்குப் புரையேறியது.

"இன்னும் கேளு. கோட்டு போட்டுக்கினு ஒருத்தன் வந்து காப்பி வெச்சான். இது அவனப் பாத்து, 'நீ சாப்ட்டியாப்பா?'ன்னு கேக்குது. ஹால் பூரா திரும்பிப் பாக்குது. நான் மெனு கார்ட எடுத்து மூஞ்ச மறைச்சிக்கினேன்!"

"பாவம், அந்தப் பையன் நாக்கு வறண்டுபோய் நின்னுகினு இருந்தான்" என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டு அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

கை கழுவிக்கொண்டு வந்த இசைவாணி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பெனியில் பரிசு, விழா எல்லாவற்றையும் கவனிப்பவள் அவள்தான். இந்த வருஷம், 'அக்கா கண்டிப்பா வரணும் சார், ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோ வேணும்' என்று பிடிவாதமாகச் சொன்னவளும் அவள்தான்.

"நல்லா இருக்கீங்களா அக்கா? இந்த வருஷமாவது போனீங்களே, அதுவே சந்தோஷம். போன வருஷம் எவ்வளவு கஷ்டப்பட்டீங்க!"

"யாரு கஷ்டப்பட்டது?" என்றார் ஒருவர் இலையிலிருந்து நிமிராமல்.

"அக்காவைத்தான் சார் சொல்றேன். காய்ச்சல்னு பலராமன் சார் சொன்னாரு. எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கலாமேன்னு போன் பண்ணேன். பேசவே முடியல அவங்களால. ஒரே இருமல். அப்பவும், 'எனக்காக அவரு டூரை நிறுத்திடாதீங்கம்மா, கூட யாரையாவது அனுப்பி வைங்க'ன்னு அவருக்காகத்தான் பேசினாங்க."

பலராமன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார்.

போன வருஷம் செங்கமலத்துக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. கம்பெனியில்தான் அவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். வீட்டில் சொன்னது வேறு. 'ஸ்டாஃப் மட்டும்தான் போறோம், பொம்பளைங்களக் கூட்டிக்கினு போவ முடியாது.' அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் இசைவாணியிடம், "இப்ப தேவலம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டும் பலராமன் ஊட்டியைப் பற்றியும் பேசவில்லை, மைசூரைப் பற்றியும் பேசவில்லை. பாயசத்தைத் தொடாமலே இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

வடக்குப்பட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், லாரி நடமாட்டம் இல்லாத ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாயா, பெட்ரோல் இல்லையா?" என்றாள் செங்கமலம்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணப்பவே உனக்குத் தெரிஞ்சிபோச்சா?"

அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரிஞ்சும் ஏன் இருமின?"

"நான் நல்லா கீறேன்னு சொன்னா, கம்பெனியில உன் பேச்சு பொய்யாப் பூடுமே."

"இன்னிக்கு அவ்ளோ பேரு எதிர்ல உன்ன வெச்சி சிரிச்சேன். அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"சிரிக்கறாப்பலதான இருந்திச்சு" என்றாள்.

பலராமன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் கீழே இறக்கிக்கொண்டார்.

"சரி, கம்பெனிய வுடு. 'ஏன் பொய் சொல்லி என்ன வுட்டுட்டுப் போற'ன்னு, வூட்டுல வெச்சி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

செங்கமலம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா, 'உன்னக் கூட்டிக்கினு போறது எனக்கு வெக்கமா கீது'ன்னு நீ உன் வாயால சொல்லியிருக்கணும். சொல்லிட்டு, அப்புறம் நீ எப்டியா என் மூஞ்சிய பாப்ப?"