படத்தில் இருக்கும் வீடு

தோணிரேவுக் குப்பத்தில் மத்தியான வெயில் ஏரித் தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருக்கிறாள் எப்சிபா. வாடகைக் காரிலிருந்து இறங்கிய கணவனும் மனைவியும் பெட்டிகளை மணலில் இழுத்தபடி நேரே அவளிடம் வருகிறார்கள். அந்தப் பெண்ணின் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. "இங்கதான் ரூம் புக் பண்ணியிருக்கோம். முழுப் பணமும் கட்டியாச்சு," என்கிறான் அவன். "ரூமா? இது என் வூடு சார்." அவன் நம்பாமல் போனை நீட்டுகிறான். திரையில் அவளுடைய நீலக் கதவு, கொடியில் அவளுடைய புடவை, பின்னால் ஏரி. கீழே, 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று சிவப்பு எழுத்து. போன மாசம் பறவையைப் படம் பிடிக்கிறேன்னு ஒருத்தன் இங்கே சுற்றிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வருகிறது. "எங்ககிட்ட பணம் வாங்கின ஆளு உங்களுக்கு எவ்ளோ குடுத்தான்?" என்று கணவன் குரலை இறக்கிக் கேட்கிறான். "எந்த ஆளு? நீங்க அந்தப் படம் புடிச்சவனோட ஆளுங்களா இன்னா?" எழுந்து, வீட்டைப் பறிக்க வந்த கூட்டமோ என்று கதவை இழுத்துச் சாத்துகிறாள். அதற்குள் அந்தப் பெண் தலை சுற்றிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுகிறாள். எப்சிபா கதவைத் திறந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவருகிறாள். வாங்கிய பெண் குடிக்காமல், கணவன் முகத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். எப்சிபா சொம்பைத் திரும்ப வாங்கி, அண்ணாந்து ரெண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி நீட்டுகிறாள். "இப்ப குடிம்மா."