மஞ்சள் பல்பு

மழை மூட்டத்தில், நண்பகலிலேயே மின்சாமான் கடைக்குள் சாயங்காலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் சோதனைப் பலகையில் ஒவ்வொரு எல்.இ.டி. பல்பாக மாட்டிக் காட்டுகிறார். வாங்க வந்தவள் பல்பைப் பார்ப்பதேயில்லை. கணவரை அதனடியில் நிறுத்தி, "கொஞ்சம் நிமிருங்க" என்று மோவாயைத் தொட்டு உயர்த்தி, அவர் கண்களையே பார்க்கிறாள். "இது கரண்டை நல்லா மிச்சம் பண்ணும்மா" என்று கடைக்காரர் வெள்ளைப் பல்பு ஒன்றைப் போடுகிறார். கணவரின் விழிகளில் மஞ்சள் பளிச்சென்று எழுந்து நிற்கிறது. "ஐயோ, இது வேண்டாம்!" கல்லீரல் கைவிட்டுவிட்டதாக மருத்துவர் சொன்னது இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இன்றிரவு மகள் வருகிறாள். இரண்டு நாள் தங்கிவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டியவள். தெரிந்தால் கிளம்பமாட்டாள். பகலுக்கு, ஜன்னல்களில் கனத்த திரைகள் ஏற்கெனவே தொங்குகின்றன. "இன்னும் மஞ்சளா பல்பு இருக்கா?" என்று கேட்கிறாள். கடைக்காரர் சிரிக்கிறார். "கண்ணுல கண்ணு வச்சுப் பல்பு வாங்குற ஜோடியை இப்பத்தாம்மா பாக்குறேன்." அடுத்த பல்பு எரிகிறது. சுவர், மேசை, கடைக்காரரின் வெள்ளைச் சட்டை, அவருடைய கண்கள், கணவரின் கண்கள், எல்லாம் ஒரே இளமஞ்சள். யார் நோயாளி என்று எமனே வந்தாலும் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அடக்கிய மூச்சை விடுகிறாள். "இதுவே குடுங்க. கூடத்துக்கு ரெண்டு, சமையலறைக்கு ஒண்ணு." கடைக்காரர் எடுத்து வைக்கிறார். அவள் பையின் வாயை விரித்துப் பிடிக்கிறாள். கணவர் மெல்லச் சொல்கிறார்: "இன்னொண்ணும் போடுங்க. முகம் கழுவுற இடத்துல, கண்ணாடிக்கு மேல மாட்டணும்."