சர்க்கரையின் பூர்வீகம்

ஓய்வுக்குப் பிறகு பிரெஞ்சு படிக்கும் வெங்கடேஸ்வரன், சாங்வியிலுள்ள தன் வீட்டு சோபாவில் மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பாதியில் எழுந்து போய்விடும் பாமா, இன்று அவர் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“சர்க்கரைக்கு பிரெஞ்சுல சூக்ர். அது இத்தாலியன்லேர்ந்து வந்தது.”

“அதுக்கு முன்னாடி?”

“அரபி.”

“அதுக்கு முன்னாடி?”

“பாரசீகம். அதுக்கும் முன்னாடி நம்ம சம்ஸ்கிருதம்.”

“இவ்வளவு தூரமா தேடிப் போனீங்க?”

“விடாம துருவிக் கேட்டா, எதுவும் எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சிடும் பாமா.”

பாமா அவர் விரல் நுனியில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, குளுக்கோமீட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

“முன்னூத்திப் பத்து. இது எங்கேர்ந்து வந்தது?”

வெங்கடேஸ்வரன் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். “மத்தியானம் கொஞ்சம் ஸ்ரீகண்ட் ஸ்வீட்.”

“அதுக்கு முன்னாடி?”